லூஷுன்கோ

லூஷுன்கோ, சீனாவின் லியாவ்நிங் மாகாணத்தில் டாலியன் மாநகரைச் சேர்ந்த புறநகர் மாவட்டம். லியாவ்தொங் தீபகற்பத்தின் தென்மேற்கு முனையில் அமைந்துள்ளது. 'போர்ட் ஆர்தர்' என்று உலக வரலாற்று நூல்கள் குறிப்பிடும் துறைமுகம் இங்குள்ள லூஷுன்தான்.

புவியியல்

மாவட்டத்தின் மேற்கே போஹாய் கடலும் கிழக்கே மஞ்சள் கடலும் உள்ளன. லாவ்தியேஷான் முனையை ஒட்டி இவ்விரு கடல்களின் எல்லை வகுக்கப்படுகிறது. அங்குள்ள கலங்கரை விளக்கம் 1893இல் கட்டப்பட்டது. மேற்குக் கடலில் உள்ள பாம்புத் தீவில் ஒரு விரியன் இனம் ஆயிரக்கணக்கில் வாழ்கிறது. வலசை வரும் சிறு பறவைகளே அவற்றின் முதன்மை இரை.

குன்றுகள் சூழ்ந்த லூஷுன் துறைமுகம் குளிர்காலத்திலும் உறைவதில்லை. வாயில் குறுகலாக இருப்பதால் பகைவர் நுழைவது கடினம். ஆனால் துறைமுகம் ரஷ்யர் வசம் இருந்த காலத்தில் பெரிய போர்க்கப்பல்கள் கடலேற்றத்துக்குக் காத்திருந்தே வெளியேற வேண்டியிருந்தது.

வரலாறு

1880களில் சீனாவை ஆண்ட சிங் அரசின் தலைவர்களில் ஒருவரான லி ஹொங்சாங், பெய்யாங் கடற்படைக்காக இங்கே கோட்டைகளையும் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தையும் அமைத்தார். சீன-ஜப்பானியப் போரின்போது, 1894 நவம்பரில், ஜப்பானியப் படை லூஷுனைப் பிடித்து, நகர மக்களைக் கொன்று குவித்தது. அமெரிக்கச் செய்தியாளர் ஜேம்ஸ் கிரீல்மன் எழுதிய செய்திகளால் இப்படுகொலை வெளியுலகுக்குத் தெரிந்தது. அப்போரை முடித்த 1895 ஷிமோனோசெகி உடன்படிக்கை தீபகற்பத்தை ஜப்பானுக்குக் கொடுத்தது; ரஷ்யா, பிரான்சு, ஜெர்மனி மூன்றும் நெருக்கியதால் ஜப்பான் அதைத் திருப்பித் தந்தது. மூன்றே ஆண்டுகளில் ரஷ்யா அதே துறைமுகத்தைக் குத்தகைக்கு எடுத்து, மஞ்சூரிய ரயில்பாதையோடு இணைத்தது.

1904 பிப்ரவரி 8 இரவில் ஜப்பானிய டார்பிடோ படகுகள் இங்கு நின்ற ரஷ்யக் கப்பல்களைத் தாக்கியதில் ரஷ்ய-ஜப்பானியப் போர் மூண்டது. ஜப்பானியத் தளபதி நோகியின் படை பல மாதங்கள் கோட்டையை முற்றுகையிட்டது. டிசம்பர் 5இல் 203 மீட்டர் குன்று ஜப்பானியர் வசமானது. அதன் உச்சியிலிருந்து பார்த்துக் குறி சொல்ல, தொலைவில் இருந்த பீரங்கிகள் துறைமுகத்துக் கப்பல்களை மூழ்கடித்தன. அதே குன்றில் நோகியின் இளைய மகனும் இறந்தார். 1905 ஜனவரியில் கோட்டை சரணடைந்தது.

அதன்பின் ஜப்பான் வசமான குவாந்துங் குத்தகைப் பகுதியின் நிர்வாகம் இங்கிருந்து நடந்தது. ஜப்பானிய அரசியல் தலைவர் இதோ ஹிரோபூமியைச் சுட்டுக் கொன்ற கொரிய விடுதலை வீரர் ஆன் ஜுங்-கன், 1910 மார்ச் 26இல் லூஷுன் சிறையில் தூக்கிலிடப்பட்டார். 1945இல் சோவியத் படை வந்தது. 1955இல் துறைமுகத்தைச் சீனாவிடம் ஒப்படைத்தது. 1894 முதல் 1955 வரை இத்துறைமுகம் ஆறு முறை கைமாறியது.

இன்று

லூஷுனையும் டாலியனையும் உள்ளடக்கிய 'லூதா' மாநகரம் 1981இல் டாலியன் எனப் பெயர் மாறியது. கடற்படைத் தளம் இருப்பதால் வெளிநாட்டவருக்கு நெடுங்காலம் தடை இருந்தது. 2009இல் பெரும்பகுதி திறந்துவிடப்பட்டது. பழைய சிறை இப்போது அருங்காட்சியகம். போர்க்களத்தில் பொறுக்கிய குண்டுச் சிதறல்களை உருக்கி ஜப்பானியர் எழுப்பிய, துப்பாக்கித் தோட்டா வடிவ நினைவுத் தூண் 203 மீட்டர் குன்றின் மேல் இன்றும் இருக்கிறது.