எலும்பு மஜ்ஜை நோய்கள்: அறிக்கையில் உள்ள குறியீடு சொல்வது என்ன?

போடிநாயக்கனூரிலிருந்தும் ஏலத்தோட்ட மலைகளிலிருந்தும் க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரைக்கோ செல்வோரின் டிஸ்சார்ஜ் சம்மரியில், நோயின் பெயரருகே ஓர் எழுத்தும் சில எண்களும் இருக்கலாம். அது உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 நோய்க் குறியீடு.

'சி' எழுத்தில் தொடங்கினால் புற்றுநோய். சி90.0 மல்டிபிள் மைலோமா, சி92.0 தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுநோய், சி92.1 அதன் நாட்பட்ட வகை.

குழப்பம் 'டி' எழுத்தில்தான். ரத்த அணுக்கள் மிகுந்துபோகும் பாலிசைதீமியா வேரா டி45. மஜ்ஜையில் அணுக்கள் சரியாக வளராத எம்.டி.எஸ். டி46. இரண்டும் 'தன்மை உறுதியாகாதவை' என்ற பிரிவில் உள்ளன. ஆனால் புற்றுநோய்ப் பதிவேடுகள் பின்பற்றும் ஐசிடி-ஓ, 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் இவற்றைப் புற்றுநோயாகவே கணக்கிடுகிறது. டி61-இல் வரும் ஏப்ளாஸ்டிக் அனீமியா புற்றுநோய் அல்ல. ஆனால் கடுமையானால் உயிருக்கே ஆபத்து.

எனவே 'டி' என்றிருப்பதைப் பார்த்து, சாதாரண ரத்தசோகைதான் என்று சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது குறியீட்டை மட்டும் நம்பாமல், நோயின் முழுப்பெயரை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். மஜ்ஜைப் பரிசோதனை அறிக்கையின் நகலையும் பத்திரமாக வைத்திருங்கள்.