ஷேவ் பண்ணினா முடி திக்கா வளருமா?

பத்தாம் வகுப்பு படிக்கும் தம்பி, அப்பாவோட ரேஸரை ரகசியமா எடுத்து, அரும்பு மீசையை மழிக்கிறான். 'நாலு தடவை மழிச்சா திக்கா வளரும்டா' என்பது நண்பன் கொடுத்த ஐடியா. அதே வீட்டில் அக்கா, மேலுதட்டுப் பூனைமுடியில் ரேஸர் வைக்கவே பயப்படுகிறாள். 'வெச்சேன்னா ஆம்பளை மாதிரி மீசை வந்துரும்' என்று பாட்டி மிரட்டியிருக்கிறார். தம்பிக்கு ஆசை, அக்காவுக்குப் பயம். இரண்டுக்கும் காரணம் ஒரே நம்பிக்கை. அது உண்மையா?

இல்லைங்க. ரேஸரால் முடி அடர்த்தியாவதில்லை.

ஏன் அப்படி?

வெளியே தெரியும் முடிக்கு உயிர் இல்லை. அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. முடி வளர்வது தோலுக்குள் இருக்கும் வேர்க்காலில். எவ்வளவு தடிமன், என்ன நிறம், எவ்வளவு வேகம் என்பதையெல்லாம் மரபணுவும் ஹார்மோனும் சேர்ந்து அங்கேதான் தீர்மானிக்கின்றன. ரேஸரோ தோலின் மேற்பரப்போடு நின்றுவிடும். மேலே வெட்டியது வேர்க்காலுக்குத் தெரியவே தெரியாது.

சோதிச்சுப் பார்த்தாங்களா?

பார்த்தாச்சு. 1928-லேயே அமெரிக்க உடற்கூறியலாளர் மில்ட்ரெட் டிராட்டர், நான்கு ஆண்களை ஒரே மாதிரி ஷேவ் செய்யவைத்து, முடியை அளந்து பார்த்தார். வேகமும் கூடவில்லை, தடிமனும் கூடவில்லை. 1970-ல் வெளியான இன்னோர் ஆய்வில், ஐந்து இளைஞர்கள் பல மாதங்கள் வாரம் ஒருமுறை ஒரு காலை மட்டும் மழித்தார்கள். கடைசியில் இரண்டு கால்களின் முடிக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

அப்போ கைக்கு ஏன் சொரசொரன்னு இருக்கு?

மழிக்காத முடியின் நுனி கூர்மையாக, மெலிந்து இருக்கும். ரேஸர் அதைக் குறுக்கே வெட்டுவதால் முனை மழுங்கிவிடுகிறது. குட்டையான முடி வளையாமல் நட்டுக்குத்தலா நிற்கும். வெயிலில் நிறம் மங்காத புது முடி என்பதால் கொஞ்சம் கறுப்பாகவும் தெரியும். பார்க்கவும் தொடவும்தான் தடிமன். முடியின் எண்ணிக்கை அதேதான்.

குழந்தைக்கு மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாகும் என்பதும் இதே கதைதான். பிறந்தபோது இருக்கும் மெல்லிய முடி, மொட்டை அடிக்காவிட்டாலும் உதிர்ந்து புதுசா வளரும். நேர்த்திக்கடன் என்றால் தாராளமா மொட்டை போடுங்க. முடி வளர வேண்டும் என்பதற்காக வேண்டாம்.

தம்பிகளுக்கு: தாடி முழுசா நிரம்ப இருபதுகளின் நடுப்பகுதி வரைகூட ஆகலாம். பொறுமையா இருங்க. தினமும் வறட்டு ஷேவ் செய்தால் எரிச்சலும் பருக்களும்தான் மிஞ்சும்.

அக்காக்களுக்கு: மழிக்கலாமா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். பயத்தால் முடிவெடுக்க வேண்டாம். ஆனால் தாடை, கன்னம், மார்பில் திடீரெனக் கரடுமுரடா முடி வளர்ந்து, பீரியட்ஸும் தள்ளித் தள்ளிப் போனால் 'ஷேவ் பண்ணினதாலதான்' என்று விட்டுவிடாதீர்கள். பி.சி.ஓ.எஸ் போன்ற ஹார்மோன் பிரச்னையாக இருக்கலாம். பழியை ரேஸர் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்காமல், டாக்டரைப் பாருங்கள்.