சிவனொளிபாத மலையின் நிழலும் காட்சியின் வரலாறும்

மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாத மலையேறும் யாத்திரிகர், 7,359 அடி உயரமுள்ள உச்சியை விடியுமுன் அடைந்து கீழ்த்திசை நோக்கி நிற்பர். கதிரவன் எழுந்தபின் மேற்கே திரும்புவோர் ஒரு புதுமையைக் காண்பர். மலையின் நிழல், அடிமட்டம் வைத்துக் கீறினாற்போன்ற முக்கோணமாய்ப் பள்ளத்தாக்குகளின் மேல் நீண்டு கிடக்கும். மூடுபனி குறுக்கிடின், அந்நிழல் நிலத்தினின்று எழுந்து எதிரே நிற்பதுபோலத் தோன்றிப் பின் மறையும்.

இதற்குக் காரணம் யாது? அபே என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1876-இல் இதனைக் கானல் போன்றதொரு தோற்றமெனக் கொண்டார். வானிலை அறிஞர் றால்ப் அபர்குரொம்பி 1886-இல் உச்சியில் ஓர் இரவு தங்கி நோக்கி, அக்கருத்தை மறுத்தார். தொலைவில் நிலத்தின்மேல் விழவேண்டிய நிழல், அருகே மிதந்துவந்த பனித்திரையில் விழுந்தமையால் எழுந்து நிற்பதாகத் தோன்றிற்று. பனி விலக, நிழலும் நிலத்தைச் சேர்ந்தது. கண்ணுக்குக் கணத்தில் அகப்பட்ட உருவத்தின் இடத்தைத் தீர்மானிக்க அறிஞருக்குப் பத்தாண்டு வேண்டியிருந்தது!

முக்கோண வடிவோ தூரநோக்கின் விளைவு. அட்டன் புகையிரத நிலையத்தில் நிற்பவருக்குத் தண்டவாளங்கள் தொலைவில் ஒன்றுகூடுவதுபோலத் தோன்றும் அன்றோ? அவ்வாறே நிழலின் இரு விளிம்புகளும் கூடுகின்றன. மலை எவ்வடிவினதாயினும் உச்சியில் நிற்பவர் காண்பது முக்கோணமே.

ஆயினும், பனியில் மங்கிக் கிடக்கும் விளிம்பை நோக்கிய மாத்திரத்தே உருவமாகப் பற்றிக்கொள்வது எது? வளிமண்டல ஆராய்ச்சியால் இதற்கு விடை காண இயலாது. விடைக்கு வழிகாட்டியதும் ஒரு நிழலே என்பது வியப்புக்குரியது. 1958-இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹியூபெல், டோர்ஸ்டன் வீசல் ஆகிய இருவரும் பூனையின் மூளையிற் பார்வைக்குரிய பகுதியில் நுண்மின்வாயைச் செலுத்தி, அதன் கண்ணெதிரே புள்ளிகளைக் காட்டினர். நரம்புக் கலம் வாளாவிருந்தது. கண்ணாடித் தகட்டை மாற்றுகையில் அது திடீரெனக் கிளர்ந்தெழுந்தது. தகட்டு விளிம்பின் மெல்லிய நிழற்கோடு குறித்ததொரு சாய்வில் நகர்ந்ததே அதனை எழுப்பியது. வெவ்வேறு சாய்வுகளுக்கு வெவ்வேறு கலங்கள் உளவென அவர்கள் பின்னர்க் கண்டனர்; 1981-இல் நோபல் பரிசிலும் பங்கு பெற்றனர்.

இவ்வேலையின் விரைவு பின்னரே அளக்கப்பட்டது. 1996-இல் பிரான்சில் சைமன் தோர்ப் குழுவினர், முன்பு கண்டிராத படங்களை 20 மில்லிசெக்கன் மட்டும் காட்டி, விலங்கு உண்டா என வினவினர். விலங்குள்ள படத்தையும் இல்லாததையும் மூளை 150 மில்லிசெக்கனுக்குள் வேறுபடுத்தியது. உச்சியில் திரும்பி நோக்கும் யாத்திரிகர், உடன் வந்தவரைக் கூவி அழைக்குமுன்பே முக்கோணம் அவருள் உருப்பெற்றுவிடுகின்றது.