பழசாப்போன புத்தகமும் பிரெசிடென்சி மாணவனும்

எங்க இலத்தூர்ல பக்கத்து வீட்டு வாண்டு ஒண்ணு கெமிஸ்ட்ரி புத்தகத்தோட வந்து மடக்கிட்டான். "மாமா, மூணாவது கூட்டுல 18 எலக்ட்ரான் வரைக்கும் இருக்கலாம்னு போட்டிருக்கு. அப்புறம் ஏன் பொட்டாசியத்துக்கு 2, 8, 8, 1? 2, 8, 9ன்னு எழுதுனா என்ன?"

நியாயமான கேள்விதானே மக்களே? நடுவுல அணுக்கரு, சுத்தி வட்டம் வட்டமா எலக்ட்ரான்னு நாம வரையிற படம், 1913-ல போர் சொன்னது. ஜெர்மனிக்காரர் சோமர்ஃபெல்டு அதை இன்னும் செதுக்கி, 1919-ல அணு அமைப்பு பத்தி ஒரு பெரிய புத்தகமே போட்டார். அதோட ஆங்கில மொழிபெயர்ப்பைத் தானாவே படிச்சு முடிச்சிருந்தார், மெட்ராஸ் பிரெசிடென்சி கல்லூரி மாணவர் சந்திரசேகர். வயசு 18 கூட ஆகலை.

1928-ல சோமர்ஃபெல்டே மெட்ராஸ் வந்தார். நம்மாளு அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்ட்டார். அவர் சொன்னது என்ன தெரியுமா? நீ படிச்சதெல்லாம் பழசாயிடுச்சு தம்பி. ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர், டிராக், பவுலி எல்லாம் வந்து மொத்தத்தையும் மாத்திட்டாங்க!

(நானா இருந்தா புத்தகத்தை எடைக்குப் போட்டுட்டு செங்கோட்டை பார்டர்ல பரோட்டா சாப்பிடப் போயிருப்பேன்.)

சோமர்ஃபெல்டு, உலோகங்கள்ல எலக்ட்ரான் பத்தி அச்சாகவிருந்த தன் கட்டுரையோட புரூஃபைக் கையில குடுத்தார். அதைப் படிச்சுட்டு சந்திரா எழுதின கட்டுரை 1929-ல லண்டன் ராயல் சொசைட்டி இதழ்லயே வந்துச்சு.

அப்படி என்ன மாறிச்சு? 1925-ல பவுலி ஒரு விதி சொன்னார். பொதிகை எக்ஸ்பிரஸ் ரிசர்வேஷன் மாதிரி, ஒரு பெர்த்துக்கு ஒரே எலக்ட்ரான். ஒவ்வொரு கூட்டுக்குள்ளயும் துணைக்கூடுகள் உண்டு: எஸ்ஸில் 2, பியில் 6, டியில் 10 பெர்த். மூணாவது கூட்டுல மூணும் இருக்கு, கூட்டுனா 18. ஆனா பொட்டாசியத்துல மூணாவது கூட்டோட டியை விட நாலாவதோட எஸ்ஸுக்கு ஆற்றல் குறைவு. அதான் 19-வது ஆள் அங்க போயிடறார். கால்சியத்தோட அந்த எஸ் நிரம்பிடும். 21-வதான ஸ்காண்டியத்துலதான் டி நிரம்ப ஆரம்பிக்குது.

இதே விதியைத்தான் சந்திரா நட்சத்திரத்துக்குக் கொண்டுபோனார். 1930 ஜூலை 31 பம்பாய்ல கப்பல் ஏறினார். வெள்ளைக் குள்ள நட்சத்திரம் தன் எடையிலயே நசுங்காம இருக்குன்னா, ஒரே பெர்த்துல ரெண்டு பேர் உக்கார மாட்டோம்னு எலக்ட்ரான்கள் முரண்டு பிடிக்கறதாலதான். அந்த முரண்டுக்கும் ஒரு எல்லை உண்டுன்னு கப்பல்லயே கணக்குப் போட்டார். சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு, அதுக்கு மேல தாங்காது.

1935-ல எடிங்டன் அதைச் சபையில வெச்சே கிண்டலடிச்சார். நோபல் பரிசு வந்தது 1983-ல. எடிங்டன் சண்டையைத் தனியா எழுதறேன், இங்க ரெண்டு வரியில அடங்காது :-)