தவக்காலப் பாட்டுக் குழுக்கள்

தவக்கால இரவுகளில் கோவில் முற்றத்தில் கூடி வியாகுலப் பிரசங்கம் பாடிய குழுக்களை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். தறியை நிறுத்திவிட்டு வந்தவர்களும், முறுக்குச் சுட்ட கையோடு வந்தவர்களும் அதில் உண்டு. ஒருவர் ராகமிழுத்துத் தொடங்குவார். மற்றவர்கள் பின்பாட்டாய் ஏற்பார்கள். மேனாட்டார்போல் நான்கு குரலாகப் பிரித்துப் பாடத் தெரியாதுதான். ஆயினும் ஆண் குரல் கீழேயும் பெண் குரல் மேலேயும் நின்று ஒன்றுசேரும்போது, குருமடத்தில் நாம் கற்ற இலத்தீன் கீதங்களுக்கு அது சற்றும் இளைத்ததன்று.

இதை இயற்றியவர் யாக்கோமே கொன்சால்வஸ் சுவாமி. 1676-ல் கோவாவில் பிறந்தவர்; 1705-ல் இலங்கை சேர்ந்து 1742-ல் அங்கேயே மரித்தார். தமிழும் சிங்களமும் கற்று இரண்டிலும் நூல்கள் எழுதினார். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. குருவைக் காணாத ஊர்களில் மக்கள் தாமே கூடி வாசிக்கவும் பாடவும் இத்தகைய நூல்கள் கைகொடுத்தன.

1963-ல் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடும் மக்களின் பக்திப் பாடல்களை வளர்க்கவே சொன்னது. ஆனால் ஒலிபெருக்கியும் ஒலிநாடாவும் வந்தபின் பின்பாட்டுக் குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. மெட்டுத் தெரிந்த பாட்டிமார் இன்று ஒருசிலரே. பழைய பாட்டு நோட்டு யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் குருமனைக்குக் கொண்டுவாருங்கள். படியெடுத்துத் திருப்பித் தருவோம்.