மலாயாவின் அவசரகாலமும் அயலார் தலையீடும்

ஒரு நாட்டு மக்கள் தமக்குள் பிளவுபட்டு ஆயுதம் ஏந்துவதை உள்நாட்டுப் போர் என்கிறோம். அப்போரில் அயலார் ஒரு பக்கம் சேர்ந்து படையும் பொருளும் தருவதைத் தலையீடு என்கிறோம். கொரியாவுக்கும் வியட்நாமுக்கும் இவ்விரு சொற்களையும் தயக்கமின்றி வழங்கும் நூல்கள், மலாயாவில் 1948 முதல் 1960 வரை நிகழ்ந்ததை மட்டும் ‘அவசரகாலம்’ என்று குறித்துவிட்டு மேலே செல்கின்றன. பன்னிரண்டு ஆண்டு நீடித்த அவசரம் வேறெங்கும் காண்பது அரிது. போர் என்று அறிவித்தால் தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் நேரும் சேதத்துக்கு லண்டன் காப்புறுதிக் கம்பெனிகள் ஈடு தரமாட்டா. ஆகவேதான் இப்பெயர் இடப்பட்டது என்பர். வரலாற்றுக்குப் பெயர் சூட்டும் உரிமை கணக்குப் பிள்ளையின் கைக்குப் போனதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

பிரிட்டிஷார் அப்போது இந்நாட்டை ஆண்டவர்களாயிற்றே, அவர்களை அயலார் எனல் பொருந்துமா என்று கேட்கலாம். போரிட்ட இரு தரப்பாரின் வலிமையும் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

துப்பாக்கி வந்த வழி

ஜப்பானியர் 1941 டிசம்பரில் மலாயாவில் புகுந்தனர். இரண்டு மாதத்தில் சிங்கப்பூர் வீழ்ந்தது. எஞ்சி நின்று எதிர்த்தவர்கள், கம்யூனிஸ்டுக் கட்சியார் திரட்டிய மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர். அவர்களுள் பெரும்பாலோர் சீனர். 1943ஆம் ஆண்டு முடிவில் பிடோர் மலைக்காட்டு முகாம் ஒன்றில் இப்படைக்கும், ‘போர்ஸ் 136’ என்னும் பிரிட்டிஷ் இரகசியப் பிரிவின் அதிகாரிகளுக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. கேமரன் மலைக்கு ஏறும் சாலை தொடங்கும் தாப்பாவுக்கு அண்மையிலுள்ள ஊர்தான் பிடோர். உடன்படிக்கையின் பயனாகப் பின்னர் வானூர்திகளிலிருந்து துப்பாக்கிகளும் வெடிமருந்தும் காட்டில் இறக்கப்பட்டன. அன்று தொடர்பாளராயிருந்த இளைஞர் சின் பெங்குக்குப் போர் முடிந்தபின் பிரிட்டிஷ் அரசு விருதும் அளித்தது. அவர் காட்டுக்குள் போனபின் அவ்விருது பறிக்கப்பட்டது. படை கலைக்கப்பட்டபோது ஒப்படைக்கப்படாமல் காட்டில் புதைக்கப்பட்ட ஆயுதங்களே 1948இல் வெளிவந்தன. எதிரியின் கையிலிருந்த துப்பாக்கியும் அயலார் கொடுத்ததுதான்.

பிளவும் அவ்வாண்டுகளிலேயே ஆழமாயிற்று. ஜப்பானியர் சீனரைக் கொடுமைப்படுத்தி, மலாய்க்காரரைப் போலீசாகவும் சிற்றதிகாரிகளாகவும் பயன்படுத்தினர். 1945இல் அவர்கள் சரணடைந்ததும் எழுந்த பழிவாங்கல் இனக்கலவரமாக மாறிற்று. ஆகவே, மூன்றாண்டு கழித்துத் தொடங்கிய போரில் கெரில்லாக்களுள் மிகப் பெரும்பாலோர் சீனராகவும், அவர்களை எதிர்த்த போலீசாருள் பெரும்பாலோர் மலாய்க்காரராகவும் இருந்ததில் வியப்பில்லை.

தோட்டத் தமிழர் நிலை

இவ்விரு பிரிவிலும் அடங்காதவர் தோட்டத் தமிழர். ஆயினும் போரின் முதல் அடி அவர்கள் மேல்தான் விழுந்தது. இதனைப் பள்ளிப் பாடங்கள் போதிய அளவு சொல்வதில்லை.

சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களுள் உயிர் பிழைத்தவர்களும், நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சி பெற்றவர்களும் 1945இல் தோட்டங்களுக்குத் திரும்பினர். துரை வரும்போது சைக்கிளை விட்டு இறங்கி நின்ற பழைய தொழிலாளி அல்லர் அவர்கள். கெடாவில் தொண்டர் படை தோன்றிக் கள்ளுக்கடைகளை எதிர்த்தது. 1947இல் பீடோங் வட்டாரத்தில் போலீசாரோடு மோதல் நிகழ்ந்தது. பேராக்கில் ஆர். ஜி. பாலன் தோட்டத் தொழிலாளரை ஒன்றுதிரட்டினார். தஞ்சை மாவட்டத் தம்பிக்கோட்டையில் பிறந்த எஸ். ஏ. கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். அச்சம்மேளனம் கம்யூனிஸ்டுக் கட்சியின் செல்வாக்குக்கு உட்பட்டிருந்தது என்பது உண்மை. அதில் சேர்ந்த பால்மரத் தொழிலாளி கேட்டது கூலி உயர்வும் மரியாதையும் என்பதும் அதே அளவு உண்மை.

1948 ஜூன் மாதத்தில் சட்டம் திருத்தப்பட்டுச் சம்மேளனம் பதிவிழந்தது. அடுத்த சில நாட்களில், ஜூன் 16ஆம் நாள், சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 18ஆம் நாள் நாடு முழுதும் அவசரகாலம் வந்தது. இவ்வரிசை கவனிக்கத்தக்கது, சங்கத்தின் கதவு கொலைகளுக்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. பாலன் அவ்வாண்டில் கைதாகிப் பல்லாண்டுகள் தடுப்புக்காவலில் இருந்தார். கணபதி கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். துப்பாக்கியைக் கண்டெடுத்துப் போலீசில் ஒப்படைக்கக் கொண்டுசென்றதாக அவர் கூறியது ஏற்கப்படவில்லை. தண்டனையைக் குறைக்க இந்திய அரசு செய்த முயற்சியும் பலிக்கவில்லை. அதற்கு முதல்நாள்தான் மற்றொரு தொழிற்சங்கத் தலைவர் பி. வீரசேனன் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

மிதவாதியான பி. பி. நாராயணன் போன்றோர் எஞ்சிய சங்கங்களைக் காத்து, 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கமாக ஒன்றிணைத்தனர். அது பெரும்பணி என்பதில் ஐயமில்லை. எனினும், அவசரகாலச் சட்டத்தின் நிழலில் பேரம் பேசிய சங்கம் எவ்வளவு குரலுயர்த்திப் பேசியிருக்கக்கூடும் என்பதையும் எண்ண வேண்டும்.

அயலகப் படையும் கொரியாவின் பணமும்

கெரில்லாக்கள் மிகுந்திருந்தபோது அவர்கள் தொகை சுமார் 8,000. அவர்களுக்கு எதிரே பிரிட்டிஷ் பட்டாளங்கள், கூர்க்கர், பிஜித் தீவினர், கிழக்காப்பிரிக்கர், ஆஸ்திரேலியர், நியூசிலாந்தர், சரவாக்கின் இபான் வழிகாட்டிகள் எனப் பல நாட்டார் நின்றனர். இராணுவத்தினர் மட்டும் சுமார் 40,000 பேர். போலீசும் ஊர்க்காவல் படையும் இதற்குப் புறம்பு. சீனாவிலிருந்தோ ரஷ்யாவிலிருந்தோ கெரில்லாக்களுக்குக் குறிப்பிடத்தக்க ஆயுத உதவி வரவில்லை. வியட்நாமுக்குச் சீன எல்லை இருந்தது, வடகொரியாவுக்கும் இருந்தது. மலாயாவுக்கு இருந்த ஒரே நில எல்லை தாய்லாந்து. தலையீடு ஒரு பக்கம் மட்டுமே நிகழ்ந்த போர் இது. மலாயாவின் வெற்றியைக் காட்டி வியட்நாமிலும் இம்முறையே பலிக்கும் என்று பின்னாளில் சிலர் வாதிட்டது, இவ்வேறுபாட்டை மறந்ததால் வந்த பிழை.

படைக்குச் செலவு செய்யப் பணம் எங்கிருந்து வந்தது? 1949இல் ரப்பர் ராத்தல் 40 காசு அளவில் விலைபோயிற்று. 1950 ஜூன் 25ஆம் நாள் கொரியப் போர் மூண்டது. அமெரிக்கா ரப்பரையும் ஈயத்தையும் வாங்கிக் குவித்தது. 1951 தொடக்கத்தில் ரப்பர் விலை 2 வெள்ளியைத் தாண்டிற்று! அரசின் வருவாய் பெருகியது. கம்பி வேலிக்கும் புதிய போலீசுக்கும் சம்பளத்துக்கும் பணம் கிடைத்தது. கொரியர் தம் நாட்டில் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த வேளையில், அதனால் உயர்ந்த விலை மலாயாவின் உள்நாட்டுப் போரை முடிக்க உதவிற்று. ‘மக்கள் மனத்தை வென்றதால் கிடைத்த வெற்றி’ என்று புகழ்வோர் இந்த வரவுக் கணக்கையும் உடன் வைத்துப் பார்ப்பது நன்று.

கம்பி வேலி

1950இல் ஜெனரல் பிரிக்ஸ் வகுத்த திட்டப்படி காட்டோரம் வாழ்ந்த சுமார் 5 இலட்சம் பேர், மிகப் பெரும்பாலோர் சீனர், புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு முள்கம்பி சூழ்ந்தது. கெரில்லாக்களுக்கு உணவு போகாமல் தடுப்பதே நோக்கம். அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. கடைக்காரர் தகரப் பால் டப்பியைத் துளையிட்டே விற்க வேண்டும். கட்டுப்பாடு கடுமையான வட்டாரங்களில் மரம் சீவப் போகும் தொழிலாளி பகல் உணவைக்கூட வாயிலுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. காட்டில் இருப்பவனுக்குக் கொடுத்தால் சிறை; கொடுக்காவிடில் அவன் கையால் சாவு. இவ்விரண்டுக்கும் நடுவே வாழ்ந்தவர்களின் துணிவுக்குப் பதக்கம் எதுவும் அடிக்கப்படவில்லை.

கேமரன் மலையின் கதை சற்று வேறு. ஜே. ஏ. ரஸல் 1929இல் தொடங்கிய போ தோட்டம் முதலான தேயிலைத் தோட்டங்களிலும் தமிழரே உழைத்தனர். ஆனால் இங்கிலாந்துக்கு அமெரிக்க டாலரை ஈட்டித் தந்தவை ரப்பரும் ஈயமும், தேயிலை அன்று. இம்மலையின் போர்ப் பயன் அதன் காட்டில் இருந்தது. அன்று மேலே ஏறத் தாப்பாச் சாலை ஒன்றுதான். வண்டிகள் காவலோடு அணிவகுத்துச் சென்றன. பிரிட்டிஷ் இராணுவத்தார் பிள்ளைகளுக்குத் தானா ராத்தாவில் ‘ஸ்லிம்’ பள்ளி நடந்தது. தோட்டத்தைத் தாண்டினால் செமாய், தெமியார் பழங்குடியினரின் காடு.

1951 அக்டோபரில் கம்யூனிஸ்டுக் கட்சி தன் போக்கை மாற்றிற்று. பொதுமக்களைத் துன்புறுத்தியதால் ஆதரவு குறைந்ததை உணர்ந்து, உட்காட்டுக்குப் பின்வாங்கிப் பழங்குடியினரை நாடுமாறு தன் படையைப் பணித்தது. அரசு அதற்கு முன்பே பழங்குடியினர் பலரைக் காட்டிலிருந்து பெயர்த்து முகாம்களில் அடைத்திருந்தது. வெப்பமும் நோயும் மனச்சோர்வும் அவர்களுள் பலரைக் கொன்றன. தவறு புரிந்தபின், 1953 முதல், காட்டுக்குள்ளேயே தெலானோக் போன்ற கோட்டைகளை எழுப்பி மருந்தும் உப்பும் அவ்விடத்துக்குக் கொண்டுசென்றனர். இப்போரில் யாரிடமும் எதுவும் கேளாதிருந்து, இரு தரப்பாராலும் அலைக்கழிக்கப்பட்டவர்கள் இம்மலைமக்கள்.

பாலிங் முதல் மெர்டேக்கா வரை

1955 டிசம்பர் 28, 29 நாட்களில் பாலிங்கில் துங்கு அப்துல் ரகுமானும் சின் பெங்கும் நேரில் பேசினர். சரணடைய மறுத்த சின் பெங், மக்கள் தேர்ந்தெடுத்த அரசிடம் பாதுகாப்பும் படையும் ஒப்படைக்கப்படுமானால் போரை நிறுத்தத் தயார் என்றார். பேச்சு முறிந்தது. ஆனால் அச்சொல்லைக் கையிலேந்தி லண்டன் சென்ற துங்கு சுதந்திர நாளோடு திரும்பினார். 1957 ஆகஸ்ட் 31க்குப் பின் அயலாரை எதிர்க்கிறோம் என்னும் காரணம் காட்டிலிருந்தவர்களுக்கு வலுவிழந்தது. தென் பேராக்கிலும் ஜொகூரிலும் கூட்டங்கூட்டமாகச் சரணடைந்தனர். பன்னிரண்டு ஆண்டில் கொல்லப்பட்ட கெரில்லாக்கள் 6,700க்கு மேல், பாதுகாப்புப் படையினர் 1,865, பொதுமக்கள் 2,473. 1960 ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிந்தது. எல்லையில் எஞ்சியிருந்தவர்களுடன் 1989இல்தான் ஹாட்யாயில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

போரின் முதல் ஆண்டில், பன்னிரண்டு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் அடையாளக் கார்டு பெற வேண்டுமென்று சட்டம் வந்தது. கெரில்லாவிலிருந்து குடிமகனைப் பிரித்தறிய அது வேண்டியிருந்தது. தோட்டத் தமிழர் பலர் அதையே குடியுரிமைச் சான்று என்று நம்பிப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தினர். மனுப் போடச் சொல்லிக்கொடுப்பாரும் அப்போது அரியர். 1969இல் குடியுரிமை இல்லாதோர் வேலைக்கு அனுமதிச் சீட்டுப் பெற வேண்டுமென்று ஆனபோதுதான், பெட்டியில் இருந்த கார்டு எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியவந்தது. பல்லாயிரவர் அவ்வாண்டுகளில் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேறினர்.