மல்பெரிப் பூச்சிகளும் தாவர எண்ணெய்களும்

பட்டுப்புழுவுக்கு உணவு மல்பெரி இலை மட்டுமே. இலையில் தங்கும் நச்சு நேராகப் புழுவின் வயிற்றுக்குள் போவதால், மற்ற பயிர்களுக்கு அடிக்கும் வீரியமான மருந்துகளை இங்கே துணிந்து தெளிக்க முடியாது. வேம்பு, புங்கம், இலுப்பை எண்ணெய்கள் பயன்படுவது இதனால்தான்.

இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி நுனிக்குருத்தில் சாறு உறிஞ்சினால் இலைகள் கரும்பச்சையாகிச் சுருங்கிக் கொத்தாக நின்றுவிடும், இதுவே ‘டுக்ரா’. பூச்சியின் மேலுள்ள வெண்மெழுகில் தண்ணீர் ஒட்டாது. சோப்புக் கரைசலில் கலந்த எண்ணெய் அதில் படிந்து, மூச்சுத் துளைகளை அடைக்கிறது. 3 சதவீதக் கரைசலுக்கு லிட்டருக்கு 30 மில்லி வேப்பெண்ணெய் வேண்டும். சோப்பு சரியாகக் கலக்காவிட்டால் எண்ணெய் தனியே மிதக்கும். தெளித்த இடத்தில் இலை கருகும். வெயில் தாழ்ந்த பின், இலையின் அடிப்புறமும் நனையத் தெளிப்பது நல்லது.

தாவரப் பொருள் என்பதாலேயே வேப்பெண்ணெய் புழுவுக்குத் தீங்கற்றது என்று நம்புவது ஆபத்து. அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சிகளின் தோலுரிப்பைக் குலைக்கும், பட்டுப்புழுவும் பூச்சியினமே. எனவே கவாத்து செய்தபின் துளிர்க்கும் இளம் பருவத்திலேயே தெளித்து, பரிந்துரைத்த இடைவெளி கழிந்த பிறகே இலை பறிக்க வேண்டும். முதலில் சில புழுக்களுக்கு மட்டும் அந்த இலையைக் கொடுத்துப் பார்ப்பது பாதுகாப்பானது.

2008இல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரியையும் கடுமையாகத் தாக்கியது. அதை அடக்கியதில் பெரும்பங்கு எண்ணெய்க்கு இல்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட அசிரோஃபேகஸ் பப்பாயே என்னும் ஒட்டுண்ணிக் குளவிக்கே உண்டு.